தெய்வாத்தா பொறுக்கிய ஒம்பது மூட்டை

அந்தச் சேர்ல உக்காராதீங்க தம்பி. பார்க்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். வெயில்ல கெடந்து கெடந்து காலெல்லாம் மொறுமொறுன்னு ஆயிப்போச்சு. போன மாசம் கரண்டு ரீடிங் எடுக்க வந்தவரு உக்காந்தாரு, அப்படியே மல்லாந்துட்டாரு. இப்படிக் கட்டல்ல வாங்க. சித்த இருங்க, துண்டை விரிச்சுடறேன். கட்டலோட பிளாஸ்டிக் நாடாவும் பொடிஞ்சு போச்சு, தொட்டா மாவாட்டம் ஒட்டும். நான் வேட்டி, தட்டிவுட்டுக்குவேன். நீங்க பேண்டு போட்டிருக்கீங்க.

ஒட்டன்சத்திரத்துல இருந்தே வண்டியிலயா வந்தீங்க? தாராபுரம் வழியா வந்திருப்பீங்க. புரோக்கரு எல்லாம் சொல்லியிருப்பாரு. மூணே முக்கால் ஏக்கரா, ஒரு கெணறு, ஒரு போரு, தோட்டத்துக்குள்ளயே இந்தச் சாளை வூடு. அத்தனையும் நெசமுங்க. கெழவன் ஒரு மாதிரி, பார்த்துப் பேசுங்கன்னும் சொல்லியிருப்பாரு. பரவால்லைங்க, சிரிங்க. நானும் அதைக் கேள்விப்பட்டவந்தான்.

நான் குத்தகைக்காரங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதானுங்க கேக்கறேன். இந்த மண்ணுல மல்ச்சிங் சீட்டு, பாத்திக்கு விரிக்கற அந்தப் பிளாஸ்டிக்கு, போடக்கூடாது. உங்களுக்கு முன்னாடி மூணு பேரு வந்தாங்க. சீட்டு கூடாதுன்னதும் மூணு பேரும் எந்திரிச்சுட்டாங்க. ஒருத்தரு காப்பியைக்கூட முழுசாக் குடிக்கலை. நீங்க இன்னும் உக்காந்திருக்கீங்க. அதனால ஏன் எதுக்குன்னு சொல்லிப்போடறேன். கேட்டுட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க.

முடிச்சாகோணுமுங்க எனக்கு. மக சுகந்தி திருப்பூர்ல இருக்கறா. ஒத்தையில கெடந்து என்ன பண்றீங்க, தோட்டத்தைக் குத்தகைக்கு வுட்டுப்போட்டு வந்துருங்கங்கறா. பொங்கல் வரைக்கும் கெடு. அதுக்கு மேலன்னா நானே வந்து பூட்டைப் போட்டு உங்களைத் தூக்கிட்டுப் போயிருவேன்னு சொல்லிட்டா. செய்வா. அவங்கம்மா புடிவாதம் அப்படியே வந்திருக்குது.

அவங்கம்மா தெய்வாத்தா. எங்கூட்டுக்காரி. போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க.

அவளுக்காகத்தான் நான் சீட்டே வாங்குனேன். இதை முதல்லயே சொல்லிப்போடறேன், ஏன்னா சனம் வேற மாதிரி பேசுது. மொளகா போட்டிருந்த காலம். களை வெட்ட ஆள் கெடைக்கலை. இவளே உக்காந்து உக்காந்து களை எடுத்து இடுப்பு போயிருச்சு. பொழுதோட எந்திரிக்கறப்ப சொவத்தைப் புடிச்சுட்டு எந்திரிப்பா. எனக்குப் பார்க்க முடியலைங்க. கடையில கேட்டேன். மேல வெள்ளி, அடியில கருப்பு, பாத்தி மேல விரிச்சு ஓட்டையைப் போட்டு நாத்தை நட்டா, புல்லுகூட முளைக்காதுன்னாரு கடைக்காரரு. அறுப்பு முடிஞ்சா என்னங்க பண்றதுன்னு கேட்டேன். நான் கேக்காம வாங்கலை தம்பி. அது அப்படியே மண்ணோட மக்கிரும், வெயில் பட்டா பொடிஞ்சுரும்னாரு. பொடிஞ்சுரும்னு சொன்னது நெசந்தான். அதுல அவரு பொய் சொல்லலை.

அந்த வருசம் அவ ஒரு களை எடுக்கலை. ராணியாட்டம் வெச்சிருந்தேன்.

அறுப்பு முடிஞ்சுது. சீட்டைச் சுருட்டலாம்னு இழுத்தா வரமாட்டேங்குது. அப்பளமாட்டம் ஒடையுது. வேர் ஒரு பக்கம் புடிச்சிருக்குது, மண்ணு ஒரு பக்கம் புடிச்சிருக்குது. ஒரு பாத்தியைச் சுருட்டறதுக்குள்ள வெயில் மேல ஏறிருச்சு. இவ சொன்னா, இருக்கட்டும், நாலு நாளைக்கு நாம ரெண்டு பேரும் எடுத்துரலாம்னா. நாலு நாள் யாரு காத்திருப்பா? டிராக்டரு அக்கட்டத் தோட்டத்துல நிக்குது. கூப்புட்டு ரோட்டவேட்டரை வுடச் சொல்லிட்டேன். ஓட்டுனவன்கூடக் கேட்டான், சீட்டோடவாங்கன்னு. மக்கிரும் ஓட்டப்பான்னேன்.

ரோட்டவேட்டரு எப்படின்னு உங்களுக்குத் தெரியும். அடியில நாப்பது கத்தி சுத்துது. முன்னாடி போறப்ப சீட்டு, பின்னாடி வர்றப்ப சில்லு. காடெல்லாம் வெள்ளி மினுமினுங்குது. எனக்கு அன்னிக்குப் பார்க்க நல்லாக்கூட இருந்துச்சுங்க, பொய் சொல்லலை.

அவ மறுநா காலையில ஒரு உரச் சாக்கை எடுத்துட்டு உள்ள போனா. என்னடி பண்றேன்னேன். பொறுக்கறேன்னா. கோழி பொறுக்கறாப்புல ஒண்ணொண்ணா எடுத்து, மொதல்ல சீலை மடியில போட்டு, மடி ரொம்புனதும் சாக்குல கொட்டுவா. ஊட்டு வேலை முடிஞ்சு பத்து மணிக்குப் போனா சோத்துக்குத்தான் வருவா. மறுபடி நாலு மணிக்குப் போவா. நான் அடுத்த தடவையும் சீட்டு போட்டேன், தண்ணிப்பழம் போட்டேன். மறுபடி ரோட்டவேட்டரு. மறுபடி அவ. ஆறு வெள்ளாமை அப்படிப் போச்சுங்க. களை எடுக்கற வேலையே இல்லாமப் பண்ணிக் குடுத்தேன், இவ தானா ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டா. இடுப்பு வலின்னு ராத்திரி முனகறப்ப எனக்குக் கோவம் வரும். யாரு உன்னையக் குனியச் சொன்னதும்பேன்.

ரெண்டாவது வருசம் பார்த்தா கொஞ்சமாத்தான் தெரியுது. மூணாவது வருசம் இன்னுங் கொறைஞ்சுது. பார்த்தியா, மக்கிருச்சுன்னேன். அவ ஒரு கை மண்ணை அள்ளி என் கையில வெச்சா. பாருங்கன்னா. எனக்கு ஒண்ணும் தெரியலை. கண்ணாடி போட்டுட்டுப் பாருங்கன்னா. போட்டுட்டுப் பார்த்தா நொய்யரிசியளவுக்கு, கடுகளவுக்கு, வெள்ளி வெள்ளியா கெடக்குது. இது போகலைங்க, சின்னதாயிருச்சுன்னா. சின்னதாயிருச்சுன்னா போயிருச்சுன்னுதானடி அர்த்தம்னேன். கண்ணுக்குத் தெரியாததை வெச்சுக்கிட்டு என்ன பேச்சுன்னேன்.

காலேஜுப் புள்ளை ஒண்ணு அப்பத்தான் வந்துச்சு, மண்ணு எடுத்துட்டுப் போக. நல்ல புள்ளை, பேரு கேட்டு வெச்சுக்கலை. ஒரு பாட்டில்ல உப்பைக் கரைச்சு, நம்ம மண்ணைப் போட்டுக் குலுக்கி, இந்தா இந்தக் கல்லு மேல வெச்சுது. மண்ணு பூராவும் அடியில போயி உக்காந்துருச்சு. மேல தண்ணியில ஒரு ஏடு மெதக்குது. பாலாடையாட்டம். பூராச் சீட்டு. மக்கறது வேற, ஒடையறது வேறங்க, இது ஒடையுது அவ்வளவுதான்னுச்சு அந்தப் புள்ளை. நீங்க பார்க்கறதெல்லாம் பெரிசுங்க, பார்க்க முடியாதது இன்னும் இருக்குதுங்கன்னுச்சு.

தெய்வாத்தா கேட்டா, எது வரைக்கும் ஒடையும், கண்ணு?

அந்தப் புள்ளை பாட்டிலைத் திருப்பி ஒருக்காப் பார்த்துச்சு. அது எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியலைங்கம்மான்னுச்சு.

அன்னிக்கு இவ சோறு உங்கலை. கெணத்துத் தண்ணியை ஒரு சொம்புல மோந்து வெளிச்சத்துல காட்டிக் காட்டிப் பார்த்துட்டே இருந்தா. அதுக்கப்பறம் மாட்டுக்குத் தண்ணி காட்டறப்பவும் துணி போட்டு வடிகட்டுவா. மாட்டுக்கு. ஊருல சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சனுங்க.

இப்பச் சொல்லப் போறதை சுகந்திகிட்டக்கூட நான் சொன்னதில்லை. நீங்க வெளியாளு, அதனால சொல்றேன்.

சுகந்திக்குக் கர்ப்பப்பை ஆபரேசன். இவ திருப்பூர் போயி நாப்பது நாள் இருந்தா. அப்ப வேலியோரமா ஒம்பது மூட்டை அடுக்கி வெச்சிருந்தா. ஆறு வருசம் பொறுக்கினது. வாயைக் கட்டி, மேல ஓலையைப் போட்டு மூடி வெச்சிருந்தா. வெயில் பட்டா அந்தச் சாக்கும் பொடிஞ்சுரும்னு அவளுக்குத் தெரியும். அதை என்ன பண்றதுன்னு மட்டும் தெரியலை. கொளுத்தலாம்னேன், மாடு கன்னு நிக்குது வேண்டாம்னா. பள்ளத்துல கொட்டலாம்னேன், மழைக்கு ஆத்துக்குப் போகும்னா. அப்பறம் என்னதான் பண்றதுன்னேன், இருக்கட்டும், நம்ம கண்ணு முன்னாடி இருக்கட்டும்னா.

மக்காச்சோளம் ஒடிச்சாச்சு. லாரி வந்து நிக்குது. பத்துச் சாக்கு பத்தலை. அக்கம்பக்கம் கேட்டேன், யாருகிட்டயும் இல்லை. அடுத்த வெள்ளாமைக்கு உழவு ஓட்ட டிராக்டரும் காட்டுக்குள்ள நிக்குது. நான் நேரா வேலியோரம் போனேன். ஒம்பது மூட்டையையும் இழுத்துட்டு வந்தேன். சால்ல கொட்டிட்டு, சாக்கைச் சோளத்துக்கு எடுத்துக்கிட்டேன்.

ஆமாங்க. காட்டுக்குள்ளதான் கொட்டினேன். எங்க இருந்து வந்துச்சோ அங்கயே போகட்டும்னு நெனைச்சேன். அந்த நேரத்துக்கு அது நாயமாத்தான் பட்டுச்சு. ரோட்டவேட்டரு ரெண்டு சால் போச்சு. திரும்பிப் பார்த்தா ஒண்ணுமே இல்லை, வெறும் செம்மண்ணு. எனக்கு நிம்மதியாக்கூட இருந்துச்சு.

அவ திரும்பி வந்தா. பஸ் எறங்கி, பையை வாசல்ல வெச்சுட்டு, நேரா வேலியோரம் போனா. நான் இங்க சாளைக்குள்ள உக்காந்துட்டு காது குடுத்துட்டு இருக்கறேன். சத்தம் போடுவா, நாமளும் போடலாம்னு வார்த்தையெல்லாம் ரெடியா வெச்சிருந்தேன். ஒரு சத்தமும் வரலை. ஓலையை எடுத்து ஒழுங்கா அடுக்குனா. வந்து கை கால் கழுவினா. சோளத்துக்குச் சாக்கு பத்தலைங்களான்னு கேட்டா. ஆமான்னேன். காப்பி வெச்சுக் குடுத்தா.

மறுநா காலையில புதுச் சாக்கு ஒண்ணை எடுத்துட்டுக் காட்டுக்குள்ள போனா. இந்தத் தடவை பொறுக்க முடியலைங்க அவளால. பூராவும் பொடி. நகத்துக்குள்ள போகுதே தவிர கைக்கு வரலை. அப்பவும் உக்காந்திருந்தா. நான் இந்தக் கட்டல்ல படுத்துட்டுப் பார்த்துட்டே இருந்தேன். எந்திரிச்சுப் போயி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வாய் தொறக்கலை தம்பி. ஏன் தொறக்கலைன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை.

அதுக்கு அடுத்த வருசம் அவளுக்கு வயித்துல கட்டி. முத்திப்போயித்தான் தெரிஞ்சுது. டாக்டரைத் தனியாக் கூப்புட்டுக் கேட்டேன், இந்தச் சீட்டுப் பொடியினாலயாங்கன்னு. அப்படி எதையும் சொல்ல முடியாதுங்கய்யா, வயசாச்சு, யாருக்கு வேணா வரும்னாரு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இருந்திருக்க மாட்டேன். இல்லைன்னு சொல்லியிருந்தா தூங்கியிருப்பேன். சொல்ல முடியாதுன்னுட்டாரு.

கடைசி வாரம் இங்கயேதான் படுத்திருந்தா. ஒரு நா மத்தியானம் கூப்புட்டா. ஏனுங், சீட்டு இல்லாத மண்ணாப் பார்த்து என்னைய வையுங்கன்னா. எங்களுக்குத் தோட்டத்துலயே அடக்கம் பண்றது வழக்கமுங்க. அவ கேட்டதே அது ஒண்ணுதான். கல்யாணமாகி நாப்பத்து ரெண்டு வருசத்துல சீலை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டா. வெச்சர்றேன் சாமின்னு கையைப் புடிச்சுச் சத்தியம் பண்ணினேன்.

எனக்குக் கொறங்காடு ஒண்ணு இருக்குது, அதா தெரியுது பாருங்க, கிளுவை வேலிக்கு அக்கட்ட. ஆடு மாடு மேயறதுக்குன்னே வுட்டது. கொழுக்கட்டைப் புல்லும் வேலா மரமுந்தான். எங்க அப்பாரு காலத்துல இருந்து அதுல ஏர் பட்டதில்லை, ரோட்டவேட்டரும் பட்டதில்லை. ஒரு துண்டு சீட்டு போட்டதில்லை. அந்த நடுவுல இருக்கற வேலா மரத்தடியைப் பார்த்து வெச்சேன். அவ உசுரோட இருக்கறப்பவே போயி ஒரு கூடை மண்ணைத் தோண்டி, மாவு சலிக்கற சல்லடையில சலிச்சுப் பார்த்தனுங்க. சுத்தம். வந்து அவகிட்டச் சொன்னேன். தலையை ஆட்டுனா. மொகம் தெளிஞ்சு போச்சு.

அடக்கத்தன்னிக்கு நெறைய சனம். குழி தோண்டறப்ப நான் பக்கத்துலயே நின்னு மண்ணைப் பார்த்துட்டே இருந்தேன். நல்ல மண்ணு. பையன் இல்லாததுனால மொதல் கைமண்ணு நான்தான் போடோணும். மூணு கை. குனிஞ்சு அள்ளினேன். மொதக் கை போட்டேன். ரெண்டாவது கை போட்டேன். மூணாவது கை அள்ளி நிமிர்றேன், வெரல் இடுக்குல என்னமோ மினுங்குது.

சுண்டுவெரல் நகமளவுக்கு. ஒரு பக்கம் வெள்ளி, ஒரு பக்கம் கருப்பு.

ஆடுங்க. அப்பறம் யோசிச்சு யோசிச்சுத்தான் தெரிஞ்சுது. அறுத்த காட்டுல ஆடு மேயும், தழையோட சில்லையும் சேர்த்துத் திங்கும், பொழுதோட கொறங்காட்டுக்குப் போயிப் புழுக்கை போடும். ஏழெட்டு வருசமாப் போட்டிருக்குது. நான் அடிமண்ணைச் சலிச்சேன், மேல் மண்ணைப் பார்க்கலை. அன்னிக்கு அதெல்லாம் யோசிக்க ஏது நேரம்? சனம் பூரா என் கையைப் பார்த்துட்டு நிக்குது. சுகந்தி அழுதுட்டு என் தோளைப் புடிச்சிருக்குறா. எனக்கு அடுத்தாப்புல மண்ணுப் போட தெய்வாத்தாவோட அண்ணன் குனிஞ்சு நிக்கறாரு. ஒரே ஒரு நொடி தம்பி. மண்ணைக் கீழ வுட்டுட்டு வேற மண்ணு அள்ளியிருக்கலாம். அதை எடுத்து வேட்டியில சொருகியிருக்கலாம். பொண்டாட்டி குழியில நின்னுட்டு என்னத்தைத் தேடறான் இவன்னு நாலு பேரு கேப்பாங்கன்னு பயந்துட்டேன்.

போட்டுட்டேன். மேல போட்டுட்டேன். அது அவ நெஞ்சு மேல வுழுந்ததை நான் பார்த்தேன்.

அதுல இருந்து இப்படித்தானுங்க. ஒவ்வொரு மழை வுட்டதும் அந்த மேட்டுல போயிப் பார்ப்பேன். ரெண்டோ மூணோ மேல வந்து கெடக்கும். நான் எடுப்பேன். அடுத்த மழைக்கு மறுபடியும் ரெண்டு மூணு. மழை மண்ணை அரிச்சா அடியில இருக்கறது மேல தெரியும், அவ்வளவுதான்பாங்க. சுகந்தி அதைத்தான் சொல்றா. எனக்கு அப்படித் தோணலை. அவளால சும்மா இருக்க முடியாதுங்க. உள்ள இருந்து பொறுக்கிப் பொறுக்கி வெளிய தள்ளறா. நான் வந்து எடுத்துக்குவேன்னு தள்ளறா. நீங்க இப்படிப் பார்க்காதீங்க. எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குது.

இப்பக் காட்டுலயும் நான் பொறுக்கறேன். மேல் மண்ணு காஞ்சு கெடக்கறப்ப ஊதுனா சில்லு தனியா வரும், சின்னதுக்குச் சல்லடை. அவ ஒம்பது மூட்டை சேர்த்தா. நான் ரெண்டு வருசமாப் பொறுக்கி ஒரு மூட்டையில முக்கால்கூட ஆகலை. இடுப்பு என்னமா வலிக்குதுங்கறீங்க. சொவத்தைப் புடிச்சுட்டுத்தான் எந்திரிக்கறேன்.

என்னது? சீட்டே வேண்டாங்கறீங்களா?

நெசமாவா சொல்றீங்க. வெறும் சோளமும் தட்டப்பயிருமா. மானாவாரியா. நல்லதுங்க. என்ன சொல்றதுன்னே தெரியலை. இதுவரைக்கும் வந்தவங்க யாரும் அப்படிச் சொல்லலை. சுகந்திக்குப் போனைப் போட்டுச் சொன்னா இப்பவே வண்டி எடுத்துட்டு வந்துருவா. அவ புருசனே அக்ரிமெண்டு எழுதிருவாரு.

உழவு? ஆமா, உழுகாம எப்படி வெதைப்பீங்க. ரோட்டவேட்டரு வேண்டாம், கொக்கிக் கலப்பை போதும்னாலும் ரெண்டு உழவாவது ஓட்டித்தான் ஆகோணும். அது நாயந்தான்.

சித்த இருங்க தம்பி.

நீங்க தங்கமான மனுசன். கோவிச்சுக்காதீங்க. இவ்வளவு நேரம் உக்கார வெச்சுப் பேசிப்போட்டு இப்படிச் சொல்றனேன்னு நெனைக்காதீங்க. என்னால குடுக்க முடியாதுங்க. சீட்டு போட்டாலுஞ் சரி, போடாட்டியுஞ் சரி. சுகந்திகிட்ட நான் பேசிக்கறேன். பூட்டைப் போட்டா போடட்டும், நான் கொறங்காட்டுல படுத்துக்கறேன்.

இன்னிக்குக் கைக்கு அகப்படற அளவுலயாவது கொஞ்சம் சில்லு கெடக்குது. நீங்க ஓட்டுற ஒவ்வொரு உழவுக்கும் அது இன்னும் ஒடையும். ஒடைஞ்சு ஒடைஞ்சு ஒரு நா இந்தக் கண்ணாடிக்கும் தெரியாமப் போயிரும். தெரியலைன்னா, அப்பாடா போயிருச்சுன்னு நான் நிம்மதியா மக ஊட்டுக்குக் கெளம்பிருவனுங்க. நான் அப்படிப்பட்ட ஆளு தம்பி.